கடலோடியின் கல்லும் விண்ணோடியின் தட்டும்

நெடும்பயணம் மேற்கொள்வோர் தம் பெயரையும் ஊரையும் எழுதி வைப்பது பழைய வழக்கம். பினாங்குத் தீவின் எதிர்க்கரையாகிய செபராங் பிறையில், 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி கண்டெடுத்த கல் இதற்குச் சான்றாகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்பெறும் அக்கல்லில் ஒரு தூபியின் உருவமும் வடமொழி வாசகமும் உள்ளன. எழுத்தோ தென்னாட்டுப் பல்லவர் எழுத்தை ஒத்தது. இரக்தமிருத்திகை என்னும் ஊரினனாகிய புத்தகுப்தன் என்ற பெருமாலுமியின் பெயரைத் தாங்கி, பயணம் இனிது நிறைவேறுக என அக்கல் வேண்டுகிறது. அவ்வூர் வங்காளத்தில் இருந்தது என்பர் ஆய்வாளர். அவன் ஊர் திரும்பினானா என்பதைக் கல் கூறவில்லை. அவன் சொல் மட்டும் நிலைத்தது. கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வழக்கம் நம் காலத்தில் விண்வெளிக்கும் சென்றது. அமெரிக்கா 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் இரண்டாம் வாயேஜர் கலத்தையும், செப்டம்பர் 5ஆம் நாள் முதலாம் வாயேஜரையும் ஏவியது. முதலாம் கலம் 1979இல் வியாழனையும் 1980இல் சனியையும் கடந்து, 2012 ஆகஸ்டில் கதிரவக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் செல்லும் அக்கலம், 2025ஆம் ஆண்டில் 2,500 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒளியின் வேகத்தில் வரும் அதன் செய்தி புவியை அடைய 23 மணி நேரம் ஆயிற்று. அதன் மின்னாற்றல் ஆண்டுதோறும் குறைகிறது. அது அடங்கிய பின்னரும் கலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரு கலங்களிலும் பொன் முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று உண்டு. கார்ல் சேகன் தலைமையில் அமைந்த குழு, அதில் 115 படங்களையும் உலக இசையையும் 55 மொழி வாழ்த்துகளையும் சேர்த்தது. பினாங்கு வீதிகளில் ஒலிக்கும் ஹொக்கியனுக்கு நெருங்கிய அமோய் மொழியின் வாழ்த்து, விண்வெளி நண்பரை நலம் உசாவி, உண்டாயிற்றா என்று வினவி, ஓய்வுள்ளபோது வருமாறு அழைக்கிறது. தமிழர் வீட்டு வாயிலிலும் கேட்கும் வினாவே அது. ஆயினும் அதைத் தமிழில் வினவ அத்தட்டில் ஒருவரும் இல்லை. தெலுங்கும் கன்னடமும் வங்காளமும் சிங்களமும் உண்டு; வழக்கொழிந்த சுமேரியமும் அக்காடியமும்கூட உண்டு; தமிழ் இல்லை.

இதனைப் பகைமையின் விளைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. வாழ்த்துகள் குறுகிய காலத்தில், பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தோரைக் கொண்டே பதிவு செய்யப்பெற்றன. அங்கே அழைக்கப்பெற்றோர் பேசினர். அவர்தம் மொழி விண்ணேறியது. தொன்மையும் இலக்கிய வளமும் மட்டும் ஒரு மொழிக்கு அவ்விடத்தைப் பெற்றுத் தரவில்லை. புத்தகுப்தனின் பெயர் நின்றதும் அதைக் கல்லில் பொறித்து வைத்ததனாலேயாம்.

வாயேஜர் தட்டில் இனி ஒரு சொல்லையும் சேர்த்தல் இயலாது. அடுத்த கலத்திற்கு வாழ்த்துத் திரட்டும் நாளில், அவ்வறிவியற் கூடத்திலேயே தமிழ் பேசுவோர் இருத்தல் வேண்டும். அவர்களை ஆக்கித் தரவேண்டியவை இன்றைய தமிழ் வகுப்பறைகளே.