எழுத்துடைக் காசும் வண்ணக்கர் நோட்டமும்

சங்கப் புலவர் பெயர்களுள் வண்ணக்கன் என்னும் அடை பெற்றவை சில உள. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்போர் பெயர்கள் அத்தகையன. வண்ணக்கன் என்பான் காசின் நன்மை தீமை நோக்கி உரைப்பவன். பிற்காலத்தார் நோட்டகாரன் என்பர். பாட்டின் நலம் காணும் கண்ணும் பொன்னின் மாற்றுக் காணும் கண்ணும் அக்காலத்து ஒருவர்பாலே அமைந்திருந்தன. இற்றைத் தமிழாசிரியராகிய எம்மனோர்க்குப் பின்னையது வாய்த்திலது. அதனால் நேரும் இழுக்கு சிறிதன்று.

குதிரை உருவும் பெருவழுதி என்னும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உடைய செப்புக் காசினை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அறிவித்த பின்னரே, சங்க வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்னும் கருத்து வலுப்பெற்றது. பின்னர்க் கருவூர் அமராவதி ஆற்றுப் படுகையினின்று மாக்கோதை, கொல்லிப்பொறை முதலிய பெயர் தாங்கிய சேரர் காசுகள் வெளிப்பட்டன. இவற்றுட் பெரும்பாலன அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கோடு கிடைத்தன அல்ல. மணல் அரித்தோரும் வணிகரும் கைமாற்றக் கிடைத்தன. எழுத்தில்லாத பழஞ்செம்பு மலிவாய்க் கிடைக்க, வேந்தன் பெயருடைய காசு பன்மடங்கு விலை பெறும். விலை ஏறிய இடத்தே போலியும் தோன்றுதல் இயல்பு.

சில ஆண்டுகட்கு முன் எம் துறைக்கு ஒரு வெள்ளிக் காசு விலைக்கு வந்தது. மாக்கோதைக் காசினைப் போன்றே தலையுருவும் அதன்மேல் எழுத்தும் உடையது. ஆயின் பெயர் வேறு. எழுத்தமைதி மாசற்றிருந்தது. யாமும் மகிழ்ந்தோம். வாங்குதற்கான ஏற்பாடு நடைபெறுங்கால், எம் மாணாக்கர் ஒருவர் அதன் படத்தைக் கொண்டு தம் ஆய்வேட்டில் ஓர் இயலே வரைந்துவிட்டார்.

திங்கள் சில கழிந்து, பிறிதொரு வணிகர் அதே பெயருடைய மற்றொரு காசினைக் கொணர்ந்தார். இரண்டாவது கிடைத்தமை முதலதற்கு அரண் என்றே முதற்கண் எண்ணினோம். இரண்டையும் அருகருகே வைத்து உருப்பெருக்கியால் நோக்கியபோது அவ்வெண்ணம் ஒழிந்தது. ஒரே அச்சினின்று அடிக்கப்பெற்ற இரு காசுகளில் உருவும் எழுத்தும் ஒத்தல் கூடும். ஆனால் அச்சு விலகி விழுந்த அளவும், விளிம்பின் பிளவும், கைப்பட்டுத் தேய்ந்த இடமும், கன்னத்தின் குறுக்கே ஓடிய கீறலும் ஒத்தல் யாங்ஙனம்? அவை ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியே நேர்வன. இவையும் ஒத்தனவாயின், இரண்டும் ஒரே மூலத்தினின்று வார்த்தெடுக்கப் பெற்றன என்பதே பெறப்படும். விளிம்பில் அரத்தால் தேய்த்த தடமும் புலப்பட்டது.

எழுத்து எம்மைக் காவாமைக்குக் காரணம் உண்டு. எழுத்து வடிவங்களை அட்டவணையாகத் தரும் நூல்கள் யாவர் கைக்கும் எட்டும். போலி செய்வானும் அவற்றைப் பயின்றே பொறிக்கின்றான். ஆகவே அட்டவணையோடு அணுவளவும் பிறழாது ஒத்த எழுத்தே எமக்கு இப்போது ஐயம் விளைக்கின்றது.

செம்பிலே களிம்பும் நோக்கற்பாலது. நெடுங்காலம் மண்ணுட் கிடந்த காசில் உலோகத்தை ஒட்டிச் செந்நிறப் படலமும் அதன்மேற் பச்சையும் படிந்திருத்தல் உண்டு. மருந்திட்டு ஏற்றிய பச்சை மேலோடு நின்று எளிதில் உரியும். எனினும் ஆற்று மணல் களிம்பைத் தேய்த்துவிடுமாதலின், களிம்பின்மை ஒன்றே கொண்டு அமராவதிக் காசினைப் போலி எனத் தள்ளுதல் தவறாம். உலோகத்தைச் சிதைக்காமலே எக்ஸ்-கதிரால் கூறுகளை அறியும் முறை இன்று உண்டு. பண்டை வெள்ளியில் ஈயமும் பொன்னும் சிறிதளவு கலந்திருத்தல் பெரும்பான்மை. இக்காலத்துத் தூய்தாக்கிய வெள்ளியில் அவை அரிய. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறையும், தண்டவாணியோடு ஒப்பிட்டு மாற்றும் கூறுதல் கற்ற யாம், காசினை நிறுத்துப் பாராமலே படித்துவிட்டோம்!

போலி என்னும் சொல்லையும் அளந்தே வழங்கல் வேண்டும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த உரோமப் பொற்காசுகள் 501இல் பெரும்பாலானவற்றின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உண்டு. உள்ளீடு காண இட்ட வெட்டு என்பர் சிலர். அதற்கு விளிம்பே போதுமாதலின், வழக்கொழிக்க இட்டது என்னும் கருத்தே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. வெட்டுண்டது என்று அக்காசினை இகழ்வார் அதன் வரலாற்றையே இகழ்வாராவர். உரோமக் காசினைப் பார்த்து இந்நாட்டில் பண்டே அடித்த காசுகளும் உள. அவற்றுட் சிலவற்றில் இலத்தீன் எழுத்து பொருளற்ற கோடுகளாய்த் திரிந்துள்ளது. எழுத்துப் பிழை ஓரிடத்துப் போலியைக் காட்டிக்கொடுக்கும். ஈண்டோ அது பழம்படிக்குச் சான்றாம்.

எம்பால் வந்த காசு அத்தகைய பழம்படியும் அன்று. கிடைத்த இடம் யாது என்றதற்கு வணிகர் இருவரும் கருவூர் என்ற ஒரு சொல்லின் மேற் கூறிலர். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி தொல்பொருளாம். அதனை விற்பார்க்கு உரிமம் வேண்டும். அதனைக் காட்டுமாறு கேட்டோம். இருவரும் மீண்டு வந்திலர். மாணாக்கர் தம் இயலை நீக்கினார். அவர் ஆய்வேடு ஓராண்டு பிந்தியது. படத்தைக் கண்டு முதலில் அவரை ஊக்கியவர் யாமே.