எராப்: ஒரு நடிகரும் இரண்டு கூட்டங்களும்

2001 ஜனவரி 20 பிற்பகல் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ஜோசப் எஸ்த்ராதா மாலகன்யாங் மாளிகையை விட்டு வெளியேறினார். மாளிகையை ஒட்டி ஓடும் பாசிக் நதியில் ஒரு படகில் மனைவி மக்களுடன் போனார். அதற்குச் சற்று முன்னர்தான் மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில், மாதா கோவில் முன்னால் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் நடுவே, உதவி ஜனாதிபதி குளோரியா மகபகால் அரோயோ ஜனாதிபதியாகப் பதவியேற்றிருந்தார். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு கூட்டம் திரண்டது. எஸ்த்ராதாவைத் திரும்பக் கேட்டது. முதல் கூட்டத்துக்கு ஜன சக்தி என்று பெயர் கிடைத்தது. இரண்டாவதற்குக் கும்பல் என்று பெயர்.

இந்தப் பெயர் வைப்பில் ஒரு பிரச்னை இருக்கிறது. சினிமாக்காரன் ஒருவன் தலைவனாவதைப் பார்க்கிறபோது சிறு வட்டத்து வாசகர்களான நமக்குக் கைவசம் ஒரு விளக்கம் உண்டு: ஜனங்கள் நிழலை நிஜம் என்று நம்பிவிட்டார்கள். இந்த விளக்கம் சௌகரியமானது. ஏமாந்தவர்கள் எப்போதும் மற்றவர்கள்தான் என்ற நிம்மதியை அது நமக்குத் தருகிறது. எஸ்த்ராதாவின் சரித்திரத்தை இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். பாதி வழிக்குமேல் அது துணை வரவில்லை.

அவர் இயற்பெயர் ஹோஸே மார்செலோ எஹெர்சிதோ. 1937 ஏப்ரல் 19இல் மணிலாவின் தொண்டோ பகுதியில் பிறந்தார். தொண்டோ என்றால் சேரியும் துறைமுகக் கூலிகளும் ரௌடிகளும் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் குடும்பம் ஏழைக் குடும்பமல்ல. தகப்பனார் எஞ்சினீயர். பையன் படித்தது பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் அத்தெனேயோவில். அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு சேர்ந்த எஞ்சினீயரிங் படிப்பையும் பாதியில் விட்டார். சினிமாவுக்குப் போகிறவன் குடும்பப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டதால் 'எஸ்த்ராதா' என்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டார். நண்பர்கள் கூப்பிட்ட பெயர் எராப். 'பாரே' என்பதைத் திருப்பிப் போட்டால் எராப். பாரே என்பது 'கும்பாரே' என்பதன் சுருக்கம். ஞானஸ்நானத் தகப்பனுக்கும் பெற்ற தகப்பனுக்கும் இடையில் ஏற்படும் உறவு அது; வழக்கில் தோழன், பங்காளி என்ற அளவுக்கு வந்துவிட்டது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1961இல் தொண்டோவின் ரௌடி அசியோங் சலோங்காவாக வந்தார். 1964இல் வந்த 'ஹெரோன் புசாபோஸ்' படத்தில் கியாப்போ சந்தைத் தெருக்களில் வாழும் ஏழை. அந்த வேஷத்துக்கு ஃபாமாஸ் விருது கிடைத்தது. தொடர்ந்து ஏழை, கூலி, குற்றவாளியாக்கப்பட்டவன், கலகக்காரன். இந்த நாயகன் முதலில் அடி வாங்குகிறான். அவமானப்படுத்தப்படுகிறான். பொறுத்துப் போகிறான். பொறுமை எல்லை கடந்த பிறகே கை ஓங்குகிறான்.

இதை மட்டமான சூத்திரம் என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தகாலோக் மொழியில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் 'பாஸ்யோன்' என்ற நீண்ட செய்யுள் உண்டு. புனித வாரத்தில் கிராமம் கிராமமாக அதை ராகம் போட்டு விடிய விடியப் படிப்பார்கள். ஸ்பானியர்களுக்கும் பிறகு அமெரிக்கர்களுக்கும் எதிராக எழுந்த விவசாயிகள், தங்கள் கலகத்தை இந்தப் பாஸ்யோனின் மொழியிலேயே புரிந்துகொண்டார்கள் என்று சரித்திராசிரியர் ரெய்னால்டோ இலெத்தோ 1979இல் ஒரு புத்தகம் எழுதினார். படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று தள்ளிய இயக்கங்களில் அவர் ஒரு அறவியலைக் கண்டார். துன்பப்படுகிறவனோடு சேர்ந்து துன்பப்படுவதற்குத் தகாலோக்கில் 'டமாய்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த அறவியலின் மையம் அதுதான். எஸ்த்ராதாவின் படங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனின் அனுபவம் வெறும் மயக்கம் அல்ல என்று தெரியும். அவன் தனக்குத் தெரிந்த ஒரு கதையை அடையாளம் கண்டுகொண்டிருந்தான்.

அரசியலுக்கும் அவர் படத்திலிருந்து நேராகக் குதித்துவிடவில்லை. மணிலாவை ஒட்டிய சான் ஹுவானில் 1967இல் மேயர் தேர்தலுக்கு நின்றார். முடிவை எதிர்த்து வழக்காடி 1969இல் பதவிக்கு வந்தார். 1986 வரை அந்தப் பதவியிலிருந்தார். 1974இல் சினிமாத் தொழிலாளர்களுக்காக ஒரு நலநிதி ஸ்தாபனத்தை உண்டாக்கினார். இந்த வருஷங்கள் மார்க்கோஸின் வருஷங்கள். ராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது ஏழைகளின் நாயகன் அந்தச் சர்வாதிகாரியின் விசுவாசியாக இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1986 பிப்ரவரியில் எட்சாவில் திரண்ட முதல் கூட்டம் மார்க்கோஸை விரட்டியது. அந்தச் சரித்திரத்தில் எஸ்த்ராதாவுக்குப் பங்கில்லை. புதிய அரசு அவரை மேயர் பதவியிலிருந்து இறக்கியது.

மறு வருஷமே செனட்டுக்கு நின்றார். 24 இடங்களில் 22ஐ கொரஸோன் அக்கீனோவின் அணி பிடித்தது. மிச்சம் இரண்டில் ஒன்று இவருடையது. 1989இல் 'கழுகின் நகங்களில்' என்று பொருள்படும் பெயரில் அமெரிக்கத் தளங்களுக்கு எதிராக ஒரு படத்தில் நடித்தார். 1991 செப்டம்பர் 16இல் தளங்களை நீடிக்கும் ஒப்பந்தம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. 12க்கு 11 என்ற கணக்கில் தோற்றது. எதிர்த்த 12 பேரில் எஸ்த்ராதா ஒருவர்.  அவரை வேஷம் என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்த வாக்கை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. வேஷமும் செயலும் ஒன்றாகப் போன நேரம் அது. பிறகு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

1992இல் உதவி ஜனாதிபதி. 1998இல் ஜனாதிபதி: 1 கோடியே 7 லட்சம் வாக்குகள், கிட்டத்தட்ட 40 சதவீதம். அடுத்து வந்தவருக்குச் சுமார் 43 லட்சம்தான். 'ஏழைகளுக்கு எராப்' என்பது கோஷம். தேர்தலுக்கு முன்பே அவருடைய தப்பு இங்கிலீஷைப் பற்றிய ஜோக்குகள் ஊரெல்லாம் உலவின. 1994இல் அவை புத்தகமாகவே வந்தன. அவரே அவற்றைச் சொல்லிச் சிரித்தார். அமெரிக்க ஆட்சி விட்டுப்போன நாட்டில் இங்கிலீஷ் என்பது ஒரு பாஷை மட்டுமல்ல. உள்ளே விடுகிற வாசல். வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு, அந்தப் பாஷையைத் தப்பாகப் பேசியே உள்ளே போகிற ஒருவன் தேவைப்பட்டான். ஜோக்குகளைப் படித்துச் சிரித்த மத்தியதர வர்க்கம், தான் அவருக்கு வாக்குச் சேர்த்துக்கொண்டிருந்ததை அறியவில்லை.

பதவியேற்பு உரையில், என் உறவினனோ நண்பனோ கும்பாரேயோ என்னைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார். எச்சரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் மாளிகைக்குள்தான் இருந்தார்கள். இரவில் குடியும் சூதாட்டமுமாகக் கூடிய நண்பர்களுக்கு 'நள்ளிரவு மந்திரிசபை' என்று பெயர் வந்தது. 1999இல் தயாரிப்பாளர்கள் ஒரு பெரிய பத்திரிகைக்குச் சினிமா விளம்பரங்களை நிறுத்தினார்கள். அந்தப் பத்திரிகை ஜனாதிபதியை விமர்சித்து வந்தது. 2000 ஜூலையில் மின்டனாவோவில் முஸ்லிம் போராளிகளின் அபூபக்கர் முகாமை ராணுவம் பிடித்தது. ஜனாதிபதி அங்கே போய்ச் சிப்பாய்களோடு வறுத்த பன்றியும் பீரும் சாப்பிட்டார். படமாக இருந்தால் வெற்றிக் காட்சி. அந்த மண்ணில் அது ஒரு ஜனசமூகத்தின் முகத்தில் துப்பியது போல. டமாய் என்ற உணர்வின் பெயரால் வந்தவரிடம் அது எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை.

2000 அக்டோபரில் இலோகோஸ் சூர் கவர்னர் சிங்சன், எஸ்த்ராதாவின் நெருங்கிய தோழர், வாயைத் திறந்தார். ஹுவேதெங் என்ற சட்டவிரோத எண் சூதாட்டத்தின் வசூலிலிருந்து 40 கோடி பேசோ ஜனாதிபதிக்குக் கொடுத்தேன் என்றார். ஹுவேதெங் வீடு வீடாக வந்து சில்லறை வாங்கிப் போகிற சூதாட்டம். காசு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நவம்பர் 13இல் கீழ்ச்சபை அவர்மீது குற்றச்சாட்டை நிறைவேற்றியது. டிசம்பர் 7இல் செனட்டில் விசாரணை தொடங்கியது. நாடே டெலிவிஷன் முன் உட்கார்ந்தது. ஒரு வங்கி அதிகாரி சாட்சி சொன்னார்: ஓரடி தூரத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஜனாதிபதி 'ஹோஸே வெலார்டே' என்று கையெழுத்துப் போட்டார். வீட்டார் பெயரை மறுத்தபோது ஒரு பெயரை எடுத்துக்கொண்டு ஏழைகளிடம் வந்தவர், ஏழைகளுக்குத் தெரியாமல் இருக்க இன்னொரு பெயரை எடுத்துக்கொண்டார். அவர் நடித்தவற்றில் ரசிகர்கள் யாரும் பார்க்காத வேஷம் இது ஒன்றுதான்.

2001 ஜனவரி 16 இரவு, ஒரு வங்கி உறையைப் பிரிக்க வேண்டாம் என்று செனட்டர்கள் 11க்கு 10 என்று முடிவு செய்தார்கள். அன்றிரவே எட்சாவில் கூட்டம் சேரத் தொடங்கியது. கைபேசிச் செய்திகள் பறந்தன. திருச்சபை, வியாபாரிகள், மாணவர்கள், இடதுசாரிகள். 19ஆம் தேதி ராணுவத் தலைமை கட்சி மாறியது. மறுநாள், செனட் விசாரணைக்குத் தலைமை தாங்கிய அதே பிரதம நீதிபதி அரோயோவுக்குப் பிரமாணம் செய்து வைத்தார். எஸ்த்ராதா ராஜினாமாக் கடிதம் எதிலும் கையெழுத்திடவில்லை. அவர் நடத்தையே ராஜினாமாதான் என்று மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பத்திரிகையில் வந்த ஒரு மந்திரியின் டைரியும் அதற்கு ஆதாரங்களில் ஒன்று.

ஏப்ரல் 25இல் அவரைக் கைது செய்தார்கள். கைரேகை எடுத்தார்கள், கைதிக்குரிய போட்டோ எடுத்தார்கள். அது டெலிவிஷனில் வந்தது. சேரிகளிலிருந்து ஜனங்கள் எட்சாவுக்குப் புறப்பட்டார்கள். தங்கள் நாயகன் அடி வாங்கும் கட்டம் அவர்களுக்குப் பழக்கமானது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மே 1 விடிகாலையில் மாளிகையை நோக்கி நடந்தார்கள். போலீஸ் அடித்து விரட்டியது; உயிர்ச் சேதம் ஏற்பட்டது. அரசு கலக நிலையைப் பிரகடனம் செய்தது. மூன்று மாதம் முன்பு அதே சாலையில் நின்ற படித்தவர்கள் இவர்களைப் பற்றிச் சொன்னவை: குளிக்காதவர்கள், பல்லில்லாதவர்கள், கூலிக்கு வந்தவர்கள், போதையில் வந்தவர்கள். தூண்டிவிட்ட அரசியல்வாதிகள் இருந்தார்கள் என்பது உண்மை. முதல் கூட்டத்தின் பின்னாலும் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான்.

எனக்குப் படுவது இது. முதல் கூட்டம் திருட்டைச் சரியாகப் பார்த்தது. அந்தத் திருடனை ஏன் ஒரு கோடிப் பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. இரண்டாவது கூட்டம் அவமானத்தைச் சரியாகப் பார்த்தது. தன் சில்லறைதான் திருடப்பட்டது என்று பார்க்கவில்லை. 2007 செப்டம்பர் 12இல் கோர்ட் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது நிரூபணமானவை இரண்டு: ஹுவேதெங் வசூல், தொழிலாளர் சேமநல நிதிகளைக் கொண்டு பங்கு வாங்கச் செய்து பெற்ற தரகு. இரண்டும் அவரை நம்பியவர்களின் பணம். ஆறு வாரத்தில் அரோயோ அவரை மன்னித்தார். அரோயோமீதே பிறகு கொள்ளை வழக்கு வந்தது; 2016இல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுவித்தது. எட்சாவின் இரண்டாவது வெற்றியைக் கொண்டாடியவர்களில் பலருக்கு அதற்குள் கொண்டாட்டம் கசந்துபோயிருந்தது.

2010இல் எஸ்த்ராதா மறுபடி ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றார். தண்டிக்கப்பட்ட குற்றவாளிக்கு 26 சதவீத வாக்கு, இரண்டாம் இடம். 2013இல் மணிலாவின் மேயரானார். ஜனங்கள் மறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மறக்கவில்லை, அவர்களுடைய நினைவில் இருந்தது வேறு ஒன்று. கொள்ளை என்று கோர்ட் சொன்னதைவிடக் குளிக்காதவர்கள் என்று தங்களைச் சொன்னது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இந்தக் கணக்கு தப்பு என்று நாம் சொல்லலாம். அதைச் சொல்லும் தகுதியை நாம் எப்படிச் சம்பாதித்தோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

2019 மே மாதம் அவர் தோற்றார். தோற்கடித்தவர் ஈஸ்கோ மொரேனோ. அவரும் சினிமா நடிகர். தொண்டோ சேரியில் பிறந்து, சின்ன வயதில் குப்பை பொறுக்கி, ஹோட்டல் எச்சிலைத் தேடித் தின்று வளர்ந்தவர். எஸ்த்ராதா வேஷம் கட்டி நடித்த வாழ்க்கையை அவர் வாழ்ந்திருந்தார். ஏழைகள் கடைசியில் நிழலை விட்டு நிஜத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அவரும் திரை வழியாகத்தான் அவர்களிடம் வந்து சேர வேண்டியிருந்தது.