புத்திர பௌத்திர பாரம்பரியமாய்

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். உயில், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று எழுதித் தேய்ந்த கை. வேலையை விட்ட பிறகும் வாசிப்பது அதே சங்கதிதான்: ஊர் உலகத்துச் சொத்து வழக்குகள். அப்படித்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வீட்டுச் சொத்து விவகாரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அடிமை முறை என்றதும் கப்பலும் சங்கிலியும் ஏல மேடையும்தான் நமக்குக் கண்ணில் வரும். அவையெல்லாம் நிஜம். ஆனால் வர்ஜீனியாவின் பெரிய குடும்பங்களில் எத்தனையோ மனிதர்கள் சத்தமே இல்லாமல் கை மாறினார்கள். தாத்தா உயிலில் பேரனுக்கு, கல்யாணத்தில் மகளுக்கு, சாவுக்குப் பின் விதவைக்கு. அதற்கு ஒரு பேனாவும் இரண்டு சாட்சியும் போதும். என் தொழில்காரன் ஒருவன் அங்கேயும் உட்கார்ந்து எழுதியிருப்பான்.

1757 ஜூலையில் டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெரும் புகையிலைத் தோட்டக்காரர் உயில் எழுதாமல் இறந்துபோனார். மனைவி மார்த்தாவுக்கு வயது 26. இரண்டு சின்னக் குழந்தைகள். வர்ஜீனியா சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, அதுவும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க மட்டும். அந்தப் பங்கில் நிலம் இருந்தது, எண்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். மார்த்தா அவர்களிடம் வேலை வாங்கலாம், வாடகைக்கு விடலாம். விற்கவோ விடுதலை செய்யவோ முடியாது. அவர் கண்ணை மூடியதும் எல்லாம் கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும். இடையில் பிறக்கும் பிள்ளைகளும் மூலச் சொத்தோடு சேர வேண்டும். பாலைக் கறந்துகொள், கன்று உன்னுடையதல்ல என்கிற மாதிரி ஏற்பாடு.

பிள்ளைகள் ஏன் தாயின் கணக்கில் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு வழக்கின் பின்கதை உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பனைச் சேர்ந்தது. எலிசபெத் கீ என்ற பெண்ணின் தகப்பன் ஆங்கிலேயர், தாய் ஆப்பிரிக்கப் பெண். அதைச் சொல்லியே 1650களில் வழக்காடி அவள் விடுதலை வாங்கிவிட்டாள். சட்டசபை விழித்துக்கொண்டது. 1662ல், பிள்ளை அடிமையா சுதந்திரனா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் போட்டார்கள். தந்தை வழியில் பெயரும் நிலமும் இறங்கிய சமூகம், அடிமைக்கு மட்டும் தாய்வழியைக் கண்டுபிடித்தது. எஜமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுக்கே சொத்து. 1705ல் இன்னொரு படி மேலே போய், வாரிசுரிமைக்கு அடிமைகளை அசையாச் சொத்தாகவே கணக்கில் வைத்தார்கள். நடக்கிற, பேசுகிற, ராத்திரியில் ஓடிப்போகிற மனிதன், நன்செய் புன்செய் போல அசையாச் சொத்து! எத்தனையோ பத்திரம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு ஷெட்யூலை நான் பார்த்ததில்லை.

1759 ஜனவரியில் மார்த்தா மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ஜார்ஜ் வாஷிங்டன். அவரும் பரம்பரை எஜமானர்தான். தகப்பன் இறந்தபோது, 11 வயதில், அவர் பங்குக்குப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். இப்போது மனைவியின் ஆயுள் பங்கையும் சேர்த்து நிர்வகித்தார். கணக்கில் கெட்டிக்காரர். 1799ல் மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் இருந்த அடிமைகளை ஒவ்வொரு பெயராக எழுதிவைத்தார். மொத்தம் 317 பேர். அவருக்கே சொந்தமானவர்கள் நூற்றிருபதுக்குச் சற்று மேல். 153 பேர் கஸ்டிஸ் சொத்து. மீதி சுமார் நாற்பது பேர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள்.

காகிதத்தில் மூன்று பத்தியாகப் பிரித்துவிட்டார். வாழ்க்கை அப்படிப் பிரியவில்லை. தச்சன் ஐசக் வாஷிங்டனுக்குச் சொந்தம். அவன் மனைவி, பால் வேலை பார்த்த கிட்டி, கஸ்டிஸ் சொத்து. ஆகவே அவர்களுடைய ஒன்பது பெண்களும் கஸ்டிஸ் சொத்து. சமையல்காரர் ஹெர்குலிஸ் வாஷிங்டனின் ஆள், மனைவியும் பிள்ளைகளும் கஸ்டிஸ் கணக்கு. 1797ல், வாஷிங்டனின் பிறந்த நாளான பிப்ரவரி 22 அன்று, ஹெர்குலிஸ் ஓடிப்போனார். சில வாரம் கழித்து அங்கே விருந்தாளியாக வந்தவர், பின்னாளில் பிரான்ஸின் மன்னரான லூயி பிலிப். அவருடைய வேலையாள் ஹெர்குலிஸின் சின்ன மகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாமல் வருத்தமாக இருக்குமே என்று கேட்டான். இல்லை, ரொம்ப சந்தோஷம், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாள் அந்தக் குழந்தை.

சீதனக் கதைக்கு வருகிறேன். ஜனாதிபதியான பின் வாஷிங்டன் குடும்பம் பிலடெல்பியாவில் இருந்தது. பென்சில்வேனியாவின் 1780ம் வருஷச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கினால் விடுதலை கேட்கலாம். அதனால் கெடு முடிவதற்குள் ஆட்களை ஊருக்கு அனுப்பி அழைத்து வந்தார்கள். இது அந்த ஆட்களுக்கும் ஊருக்கும் தெரியாத மாதிரி ஏதாவது சாக்கு சொல்லிச் செய்யவேண்டும் என்று 1791ல் தன் செயலாளருக்கு வாஷிங்டன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கஸ்டிஸ் ஆட்கள் விடுதலையானால் அந்த எஸ்டேட்டுக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும் என்பது அவர் கவலை.

மார்த்தாவின் அந்தரங்கப் பணிப்பெண் ஓனா ஜட்ஜ். தையலில் தேர்ந்தவள், கஸ்டிஸ் சொத்து. 1796ல் மார்த்தாவின் பேத்தி எலைசா, தாமஸ் லா என்பவரை மணந்தாள். இந்த லா நம் பீகாரின் கயாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக இருந்து பொருள் சேர்த்துக்கொண்டு போனவர். ஓனாவைப் பேத்திக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அது அவள் காதுக்கு எட்டியது. மே 21 அன்று எஜமானர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே நடந்தாள். கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில் இறங்கினாள். பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவளுக்குப் பதில் தங்கை டெல்ஃபி எலைசாவிடம் போனாள். பதினோரு ஆண்டு கழித்து லா அவளை விடுதலை செய்தார்.

எஜமானர் தம்பதியின் காலத்துக்குப் பின் விடுதலை என்று உறுதி கொடுத்தால் ஓனா திரும்பி வருவாள் என்று போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிள் எழுதினார். வாஷிங்டன் மறுத்தார். 1799ல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் அவளையும் கைக்குழந்தையையும் பிடித்துவர முயன்று தோற்றார். ஓனா ஒரு மாலுமியை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்றாள். 1848ல் இறந்தாள். அடிமை முறை மங்கிப்போன மாநிலத்தில், சுதந்திரமான தகப்பனுக்குப் பிறந்தும், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைகள் கஸ்டிஸ் வாரிசுகளின் உடைமை.

வாஷிங்டனின் கையைச் சட்டம் கட்டியிருந்தது என்று பரிந்து பேசுவோர் உண்டு. கஸ்டிஸ் ஆட்கள் விஷயத்தில் அது சரி. தன் சொந்த ஆட்களை 1782ல் இருந்து எப்போது வேண்டுமானாலும் அவர் விடுவித்திருக்கலாம். அந்த வருஷமே வர்ஜீனியா அதற்கு வழி திறந்துவிட்டது. அவர் 1799 உயில் வரை காத்திருந்தார். உயிலிலும் தன் அந்தரங்கப் பணியாள் வில்லியம் லீ ஒருவருக்குத்தான் உடனடி விடுதலை, மற்றவர்களுக்கு மார்த்தாவின் மறைவுக்குப் பின். வாஷிங்டன் போன பின், தன் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கும் வீட்டில் மார்த்தாவுக்குத் தூக்கம் வருமா? 1801 ஜனவரி 1 அன்று அவரே விடுவித்தார். ஐசக் சுதந்திரரானார். ஓடிப்போன ஹெர்குலிஸும் சட்டப்படி சுதந்திரரானார். மனைவி மக்கள் அப்படியே இருந்தார்கள்.

1802 மே மாதம் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் ஆட்கள் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். மார்த்தாவின் கையை எந்தச் சட்டமும் கட்டாத ஒரே ஓர் ஆள் இருந்தார், எலிஷ் என்று பெயர். மார்த்தாவுக்கே முழுப் பாத்தியம். அவரை விடுவித்திருக்கலாம். பேரனுக்கு எழுதிவைத்தார். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மன்னிக்க முடியாத வரி அதுதான்.

அந்தப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ், ஆர்லிங்டனில் மாளிகை கட்டி, 1857ல் இறந்தார். பேத்திகள் நால்வருக்குத் தலைக்கு 10,000 டாலர், அடிமைகளுக்கு ஐந்து வருஷத்துக்குள் விடுதலை என்பது உயில். அதை நிறைவேற்றும் பொறுப்பு மருமகன் ராபர்ட் லீக்கு. பேத்திகளின் பணத்தைத் திரட்ட லீ அந்த ஆட்களை வேலை வாங்கினார். பொறுக்காமல் ஓடிய வெஸ்லி நாரிஸ் மேரிலாந்தில் பிடிபட்டார். தனக்குச் சவுக்கடி கிடைத்ததைப் பின்னாளில் அவரே வாக்குமூலமாகக் கொடுத்தார். லீ விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தது 1862 டிசம்பர் 29. அப்போது அவர் உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களின் படைத்தளபதிகளில் ஒருவர். டேனியல் கஸ்டிஸ் உயில் எழுதாமல் செத்து 105 வருஷம் ஆகியிருந்தது.