வெட்டாமல் விட்ட பெட்டி

சென்ற ஆண்டு கோடையில் சான் ஹோசேயில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். போன மறுநாளே கார் ஷெட்டுக்கு அழைத்துப் போனான். பழைய போர்வைக்குள் ஆளுயரத்தில் ஒரு பெட்டி. காசு போட்டு ஆடும் வீடியோ கேம், 1980-களின் தொடக்கத்தில் வந்தது. திரை செத்துப் போயிருந்தது.

"முன்பக்கத்தை வெட்டிட்டு உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வச்சிடலாம்ப்பா. வெட்டுறது மட்டும் உங்க வேலை" என்றான்.

ஐ.டி.ஐ.யில் 31 ஆண்டுகள் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு சாமானை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் அதில் ரம்பம் வைக்கக் கூடாது என்பது மாணவர்களுக்கு நான் சொன்ன முதல் பாடம். "நாலு நாள் பொறுடா" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

இந்தப் பெட்டிகளின் பிறந்த வீடே அந்தப் பக்கம்தான். 1971-இல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற விளையாட்டின் கூடு மரமே இல்லை. களிமண்ணில் மாதிரி பிடித்து, ஃபைபர் கிளாஸில் வளைவு வளைவாக வார்த்தது. பார்க்க அழகு, ஆனால் ஆட்டம் கடினம், பெரிதாக ஓடவில்லை. அடுத்த ஆண்டு ஆலன் ஆல்கார்ன் செய்த 'பாங்' விளையாட்டின் முதல் மாதிரி, கடையில் வாங்கிய ஒரு கறுப்பு வெள்ளை டிவியை நாலடி மரப்பெட்டிக்குள் வைத்ததுதான். சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் நின்றுவிட்டது என்று ஆள் வந்து திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம்! அந்த இடம் பிறகு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் அரங்காக மாறிவிட்டது. மகன் காரில் கூட்டிப்போய்க் காட்டினான்.

'பாங்' வென்றதும் ஃபைபர் கிளாஸை விட்டு எல்லோரும் பலகைக்கு வந்தார்கள். சிலர் பிளைவுட், பலர் அதைவிட மலிவான பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. தடிமன் முக்கால் அங்குலம். வெட்டிய விளிம்பு பிசிறாகத் தெரியாமலிருக்க நடுவில் ஒரு பள்ளம் கீறி, டி வடிவ பிளாஸ்டிக் பட்டையை மரச்சுத்தியால் தட்டி ஏற்றிவிடுவார்கள். வேகமான வேலை. சில ஆண்டு சம்பாதித்துக் கொடுத்தால் போதும் என்ற கணக்கு. நாற்பது ஆண்டு நிற்கும் என்று செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் பெட்டியின் அடிப்பாகம் அதற்குச் சாட்சி. தரையைத் துடைத்த தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்து, ஊறிய ரொட்டி போல உப்பியிருந்தது.

பழைய பெட்டியை மாற்றுவது பாவம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தத் தொழிலே அப்படித்தான் பிழைத்தது. அமெரிக்காவில் 'ரேடார் ஸ்கோப்' விற்காமல் சுமார் 2000 பெட்டிகள் தேங்கியபோது, அவற்றுக்குள் போடுவதற்காகவே நிண்டெண்டோ 1981-இல் 'டாங்கி காங்' விளையாட்டை உருவாக்கியது. உள்ளே சர்க்யூட்டையும் வெளியே படத்தையும் மாற்றினார்கள், பெட்டி அதேதான். கடைக்காரர்களும் பிறகு அதையே செய்தார்கள்.

1997 பிப்ரவரியில் இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய ஆர்கேட் விளையாட்டுகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பித்தன. விசைப்பலகையில் ஆடினால் பழைய சுகம் வருமா? ஆளாளுக்குப் பெட்டி தேடினார்கள். செய்யத் தெரியாதவர்கள் பழையதை வாங்கி, குடலை உருவி, முகப்பை வெட்டினார்கள். அப்படிப் போனவற்றில் பழுது பார்த்திருக்கக் கூடிய நல்ல பெட்டிகளும் உண்டு.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். "இதை வெட்ட வேண்டாம். இதை அளவாக வைத்துப் புதிதாக ஒன்று செய்வோம்" என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டான்.

அடுத்தது எந்தப் பலகை என்ற கேள்வி. தேக்கு, ஓக் போன்ற அசல் மரம் இதற்குச் சரிவராது. இரண்டடி அகலத்துக்கு ஒட்டுப் போட வேண்டும், பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். எம்.டி.எஃப். மலிவு, வழவழப்பு, வண்ணம் நன்றாக ஏறும். ஆனால் முக்கால் அங்குலத்தில் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். விளிம்பில் திருகு முடுக்கினால் பிளக்கும், தண்ணீர் பட்டால் உப்பும். அறுக்கும்போது மாவு போல் பறக்கும் தூசி அதைவிடப் பெரிய கவலை. மரத்தூசியையும், இந்தப் பலகைகளின் பசையில் சேரும் ஃபார்மால்டிஹைடையும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புற்றுநோய் தரும் பொருள்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. முகமூடி இல்லாமல் 31 ஆண்டு தூசி தின்ற என் நெஞ்சு இரவில் விசில் அடிப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிர்ச் பிளைவுட்டே வாங்கினோம். விலை கூடுதல், எடை குறைவு. இருவருக்கும் முகமூடி.

வெட்டும் முறையிலும் ஒரு வரலாறு இருக்கிறது. கரும்பு வெட்டும் கத்தியைப் பார்த்து எட்மண்ட் மிஷெலுக்குத் தோன்றிய யோசனையில்தான் கையில் பிடிக்கும் மின்வட்ட ரம்பம் 1920-களில் வந்தது என்பார்கள். நேர்வெட்டுக்கு அதுதான். ஓரத்தில் ஒரு சட்டத்தை இறுக்கி, அதை ஒட்டியே ஓட்ட வேண்டும். வளைவுக்கு ஜிக்சா. 1946-இல் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் மனைவியின் தையல் மெஷினில் ஊசியைக் கழற்றி ரம்பப் பிளேடை மாட்டியதில் பிறந்தது. கணினி வழி வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்றான் மகன். முடியும்தான். ஆனால் பழைய பெட்டியை அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது யார்? அந்த வேலை எப்படியும் நம் தலையில்தான்.

பழையதைப் படுக்க வைத்து, அதன் பக்கவாட்டு வடிவத்தை 6 மி.மீ. எம்.டி.எஃப். துண்டில் வரைந்தேன். வளைவில் மகன் ஜிக்சாவை அவசரப்படுத்தினான். பிளேடு விலகிக் கோட்டைத் தின்றுவிட்டது. அவன் முகம் சுருங்கியது. "கெட்டது அளவுப் பலகைதானே, நல்ல பலகை தப்பியதே" என்று வேறொரு துண்டு எடுத்தேன். அதற்காகத்தான் மலிவான பலகையில் முதலில் வெட்டுவது. இரண்டாவது சரியாக வந்தது. அதைப் பிளைவுட்டின் மேல் இறுக்கி, கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே ஜிக்சாவில் அறுத்துவிட்டு, பேரிங் வைத்த ரவுட்டர் பிட்டை விளிம்போடு ஓட்டினோம். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று போல் வந்தன.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடியோ கேம் கடையிலிருந்து, நண்பர்கள் முன்னால் காதைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். அன்று அவன் அழவில்லை. பல நாள் என்னிடம் பேசவும் இல்லை.

புதுப் பெட்டி தயாரான இரவு, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லா ஞாபகம் இருக்குப்பா. அன்னிக்கு மூணாவது லெவல்ல இருந்தேன்" என்று சிரித்தான். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டான். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, மூன்று உயிரும் போய்விட்டன.

பழைய பெட்டிக்கு உப்பிய அடிப்பாகத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புதுப் பலகை ஒட்டி, கீழே நான்கு ரப்பர் கால் வைத்தேன். இனித் தண்ணீர் தொடாது. திரைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறான்.