மருந்து வந்தது, வழி வரவில்லை: பாசிர் கூடாங் கல்லீரல் நோயாளரும் அவர்களுக்குத் துணை நிற்போரும்

முன்னுரை

நாட்பட்ட கல்லீரல் நோயில் மருத்துவரின் பங்கு என்ன, குடும்பத்தின் பங்கு என்ன என்பதை எல்லாரும் அறிவோம். இவ்விருவருக்கும் நடுவில் நிற்க வேண்டிய மூன்றாமவரைப் பற்றி இக்கட்டுரை பேசுகிறது. அந்நோயைத் தாமே தாங்கி வந்தவராகவோ, நோயுற்ற ஒருவரைப் பல ஆண்டுகள் பராமரித்தவராகவோ இருந்து, பிற நோயாளிகளுக்காகப் பேசவும் அவர்களோடு நடக்கவும் முன்வருபவர் அவர். அவரை இங்கே 'நோயாளர் சார்பாளர்' என்று குறிப்பிடுகிறேன். மலேசியாவில் ஹெபடைடிஸ் சி மருந்தின் விலையை இறக்கியதில் இத்தகையோருக்கு நேரடிப் பங்கு உண்டு. விலை இறங்கியதும் அவர்களுடைய வேலை முடிந்துவிட்டது போல நாம் நடந்துகொள்கிறோம். ஜொகூரின் தொழில் நகரமான பாசிர் கூடாங்கை முன்வைத்துப் பார்த்தால், அவர்களுடைய வேலையின் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது என்பதே என் வாதம்.

2017: ஒரு கூட்டணியின் வெற்றி

ஹெபடைடிஸ் சி கிருமி பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் உடலில் இருந்து, கல்லீரலைத் தழும்பாக்கி, ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது. 2013 இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோஃபோஸ்புவிர் மாத்திரை இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் காலத்தைத் தொடங்கிவைத்தது. ஆனால் அங்கே ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். மலேசியாவிலோ நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்கிருமியோடு வாழ்வதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தனர்.

2017 செப்டம்பரில் மலேசிய அரசு, 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே அரசின் பயன்பாட்டுக்கு அம்மருந்தைத் தருவிக்க இப்பிரிவு இடம் தருகிறது. சோஃபோஸ்புவிருக்கு இத்தகைய உரிமத்தைப் பயன்படுத்திய முதல் நாடு மலேசியாதான். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் ச. சுப்பிரமணியம். தோல் மருத்துவரான அவர், ஜொகூரின் சிகாமட் தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்தவர். 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாயிற்று.

இம்முடிவு ஓர் அமைச்சரின் மேசையில் தானாகப் பிறந்ததன்று. எச்.ஐ.வி. மருந்துகளுக்காக 2003இல் இதே சட்டப்பிரிவு ஏற்கெனவே பயன்பட்டிருந்தது. இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து மருந்து இறக்குமதியாயிற்று. அந்தப் போராட்டத்தில் பழகியவர்கள் கல்லீரல் நோயாளருக்காகவும் களம் இறங்கினர். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்பான எம்.டி.ஏ.ஏ.ஜி. பிளஸ், பினாங்கைத் தளமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பு ஆகியவை இதில் முன்னின்றன. மறுபக்கம், டி.என்.டி.ஐ. என்ற இலாப நோக்கற்ற மருந்தாய்வு நிறுவனம் எகிப்தின் ஃபார்க்கோ நிறுவனத்தோடு 2016இல் ஓர் உடன்பாடு கண்டு, ஒரு நோயாளிக்கான முழுச் சிகிச்சை 300 டாலருக்குள் முடிய வழி செய்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஏறத்தாழ 300 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், சோஃபோஸ்புவிரும் ராவிடாஸ்விர் என்ற மற்றொரு மருந்தும் சேர்ந்து 97 விழுக்காட்டினரைக் குணப்படுத்தின. அச்சோதனையின் மலேசியப் பகுதியில் அரசு மருத்துவமனைகளின் கல்லீரல் வல்லுநர்கள் முன்னின்றனர். ராவிடாஸ்விர் 2021இல் மலேசியாவில் பதிவு பெற்றது.

வல்லுநர் தரும் சான்று, சார்பாளர் தரும் அழுத்தம், அரசு எடுக்கும் துணிவு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்ததால் இது கைகூடியது. எந்த ஒன்று குறைந்திருந்தாலும் மருந்து எட்டாக்கனியாகவே இருந்திருக்கும்.

பாசிர் கூடாங்: ஓசையில்லாத நோய்

1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின் பாசிர் கூடாங் பெட்ரோ கெமிக்கல், சமையல் எண்ணெய், கப்பல் பழுதுபார்ப்பு ஆலைகளின் நகரமாக வளர்ந்தது. 2020 நவம்பரில் மாநகராட்சித் தகுதி பெற்றது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். நாட்டின் கண்ணெல்லாம் இவ்வூர் மேல் இருந்தது. அந்நிகழ்வுக்கும் கல்லீரல் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. மூச்சுத் திணறிய பிள்ளைகளைத் தேடி அரசும் ஊடகமும் சில நாளில் வந்தன. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று உள்ளே கரையும் கல்லீரலைத் தேடி யாரும் வருவதில்லை. நாட்பட்ட நோய்க்கு அபாயச் சங்கு கிடையாது. அதைத் தேடிச் செல்லும் ஏற்பாட்டை நாமேதான் செய்ய வேண்டும்.

தேட வேண்டிய இடமும் மாறிவருகிறது. மலேசியாவில் 1989 முதல் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. எனவே இளந்தலைமுறையில் அந்நோய் வெகுவாகக் குறைந்துள்ளது. அதன் இடத்தைக் கொழுப்புக் கல்லீரல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேசிய உடல்நல ஆய்வின்படி 2023இல் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2019 ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையே 31.4 விழுக்காடாக இருந்தது. மூவினங்களில் இதுவே மிக அதிகம். நீரிழிவும் பருமனும் கொழுப்புக் கல்லீரலுக்கு நேர்வழி. ஆகவே மதுவைத் தொடாத தமிழ்ப் பெண்ணுக்கும் ஈரல் சுருக்கம் வரலாம், வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி முதலில் தேவையில்லை. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் இரண்டு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கு எண்களை வைத்து ஃபிப்-4 என்ற கணக்கைப் போடலாம். 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை, மேலே போனால் அடுத்த சோதனை வேண்டும். நீரிழிவு உள்ளோருக்கு இதைச் செய்து பார்க்கும்படி அமெரிக்க நீரிழிவுக் கழகம் பரிந்துரைக்கிறது. அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி நீரிழிவு மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே இரத்தம் கொடுக்கிறவர்தாம். அந்த இரத்தத்திலேயே கல்லீரலின் நிலையையும் அறிய முடியும்.

ஆனால் கண்டறிவதோடு பிரச்சினை தீராது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் தொழிலாளி, காலை ஒன்பது மணி மறுபரிசோதனைக்கு எப்படிப் போவார்? விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இந்த அச்சம் கற்பனையன்று. வேலை அனுமதிக்கான மருத்துவச் சோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பதாகத் தெரிந்தால் அவர் தகுதியற்றவராகி நாடு திரும்ப நேரிடும். தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கி வந்தவருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. சோதனையே தண்டனையாகும் இடத்தில் மக்கள் சோதனையை விட்டு ஒதுங்கத்தான் செய்வார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் மருத்துவம்

ஈரல் சுருக்கம் வந்தபின் சிகிச்சையின் பெரும்பங்கு வீட்டில்தான் நடக்கிறது. கல்லீரல் வல்லுநர் நோயாளியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் முடிவெடுப்பவர்கள் நோயாளியும் வீட்டாருமே. அங்கே நிகழும் தவறுகள் பல. 'ஈரலுக்கு ஆகாது' என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் ரசமும் கொடுக்கிறார்கள். இன்றைய வழிகாட்டுதலோ உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. புரதம் குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் நோய் முற்றும். வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் கட்டுப்படுத்தச் சொன்னால், குழம்பில் மட்டும் குறைத்துவிட்டுக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தொடர்கின்றன. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த வாந்திக்கும் வழிவகுக்கும். வீட்டார் அஞ்சி ஒதுக்கும் பாராசிட்டமாலோ, மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில் அவற்றைவிடப் பாதுகாப்பானது.

ஈரல் சுருக்க நோயாளிக்குத் தரப்படும் லாக்டுலோஸ் பானகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் கழியும்படி அதன் அளவை நோயாளியே கூட்டிக் குறைக்க வேண்டும். மலம் கழிவது நின்றால் நச்சுப் பொருள் மூளையைத் தாக்கும். பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமாக மாறுவது அதன் தொடக்க அறிகுறி. ஆலை வரிசையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு அடிக்கடி கழிப்பறை போக முடியாது, எனவே பானகத்தை நிறுத்திவிடத் தோன்றும். இரவு ஷிப்ட் ஆளுக்குத் தூக்கம் தலைகீழாவதும் இயல்பாகவே தெரியும், அறிகுறி மறைந்துபோகும். மருத்துவப் பாடநூல் இந்தச் சிக்கலைச் சொல்லாது. அதே வரிசையில் நின்று அதே மருந்தைக் குடித்தவருக்குத் தெரியும். சார்பாளரிடம் உள்ளதும் ஓர் அறிவுதான் என்று நான் சொல்வது இதனால்தான். இரக்கம் அவருடைய தகுதியில் ஒரு பகுதி மட்டுமே.

முடிவாக மாற்று ஈரல் தேவைப்படும் நோயாளிக்கு இவ்வறிவு இன்னும் அவசரம். பாசிர் கூடாங்கிலிருந்து சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை அருகில் இருக்கலாம். அரசு மாற்று அறுவைக்குப் பெயர்பெற்ற செலாயாங் மருத்துவமனையோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. எந்தத் தாளை எங்கே கொடுப்பது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் என்ன கேட்பது, துணைக்கு வருபவர் எங்கே தங்குவது என்பதை ஏற்கெனவே நடந்து பார்த்த ஒருவர் சொன்னால் பாதிச் சுமை இறங்கும்.

பழியும் பழைய போராட்டமும்

கல்லீரல் நோய் என்றாலே குடித்துக் கெட்டவர் என்ற பேச்சு நம்மிடம் இருக்கிறது. இப்பழி இருவகையில் கொல்கிறது. குடிக்காதவர் நோயை மறைக்கிறார். குடித்தவர் தமக்குச் சிகிச்சை பெறத் தகுதியே இல்லை என்று தாமே தீர்ப்பெழுதிக்கொள்கிறார்.

மலேசியத் தமிழரின் வரலாறு வேறு பாடம் தருகிறது. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். காலனிய அரசு அவர்களை அடக்கியது. தோட்டத்துக்குள் கள் தாராளமாகக் கிடைத்ததற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது என்பதை அந்தத் தொழிலாளர்கள் உணர்ந்திருந்தனர். பிற்காலத்தில் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மலிவுச் சம்சு சாராயத்துக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்தது. பழியைத் தனியொருவர் மேல் போடாமல், போத்தலை மலிவாக அவர் கைக்குக் கொண்டுவந்த வணிகத்தின் மேல் போட்டதே இவ்விரு இயக்கங்களின் சிறப்பு. இன்றைய நோயாளர் சார்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் வெளிநாட்டில் கிடைக்கமாட்டார்கள்.

மறுப்புகளும் மறுமொழியும்

மருத்துவம் படிக்காதவர் ஆலோசனை சொன்னால் தவறான மருந்து பரவாதா என்பது முதல் மறுப்பு. இதற்குக் கீழாநெல்லியே சரியான உரைகல். 1988இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி உட்கொண்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகளில் 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் இதழில் வெளியிட்டனர். நம் மரபுக்கே கிடைத்த பெருமை அது. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகள் அப்பலனை உறுதிசெய்யவில்லை. மருத்துவர் இதைச் சொன்னால் நம் மரபை இகழ்வதாக நோயாளி எண்ணக்கூடும். 'நானும் கீழாநெல்லி குடித்தேன், மாத்திரையை நிறுத்தியதால் நோய் முற்றியது' என்று ஒருவர் தமிழில் சொன்னால் அது காதில் ஏறும். பயிற்சியில்லாத சார்பாளர் ஆபத்து என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு பயிற்சி கொடுப்பது. சார்பாளரே வேண்டாம் என்றால், அந்த இடத்தை அண்டை வீட்டாரின் அரைகுறைச் செய்திகள் நிரப்பும்.

செலவு இரண்டாவது மறுப்பு. இத்தாலியின் பாதுவாவில் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஈரல் சுருக்க நோயாளிகளைச் செவிலியரும் வல்லுநரும் ஒருங்கிணைந்து தொடர்ந்து கவனித்தபோது மருத்துவமனைக்குத் திரும்புவதும் இறப்பும் குறைந்ததைக் காட்டியது. அது சார்பாளரைப் பற்றிய ஆய்வன்று. எனினும் தொடர்கண்காணிப்பு உயிர் காக்கும் என்பதற்கு அது சான்று. நம் கிளினிக்குகளில் அத்தொடர்ச்சி அறுந்து போகும் இடங்களை இணைக்கக்கூடியவர் சார்பாளரே.

குடும்பம் போதாதா என்பது மூன்றாவது. போதாது. கணவர் மயங்கிக் கிடக்கையில் ஒரு பெண் செவிலியாகவும் சம்பாதிப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

முடிவுரை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் மட்டும் ஹெபடைடிஸ் கிருமிகளால் 13 இலட்சம் பேர் இறந்தனர். ஹெபடைடிஸ் சியைக் குணமாக்க மருந்தும், ஹெபடைடிஸ் பியைத் தடுக்க ஊசியும், கட்டுப்படுத்த மாத்திரையும் இருக்கும் காலத்தில் நேர்ந்த இறப்புகள் இவை. மருந்தின் விலை இனி முதல் தடை அன்று என்பதை மலேசியா நிரூபித்துவிட்டது. அடுத்த படியையும் மலேசியாவே எடுத்துக்காட்டலாம், அதைப் பாசிர் கூடாங்கில் தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. நீரிழிவுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஃபிப்-4 கணக்கைச் சுகாதார கிளினிக்குகள் போட வேண்டும். ஷிப்ட் தொழிலாளருக்கு மாலை நேர மறுபரிசோதனை வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பதாலேயே ஒருவரை நாட்டைவிட்டு அனுப்பும் விதி மறுஆய்வு செய்யப்பட வேண்டும், ஏனெனில் அந்நோய் ஆலையில் உடன் வேலை செய்வதால் பரவுவதில்லை. தமிழ், மலாய், வங்காளம், நேபாளி பேசும் முன்னாள் நோயாளிகளுக்கு வல்லுநர்கள் பயிற்சி அளித்து, ஊதியம் தந்து, கல்லீரல் சிகிச்சைக் குழுவில் உறுப்பினராக அமர்த்த வேண்டும். நோயிலிருந்து மீண்ட தமிழர்கள் கூச்சத்தை விட்டு வெளியே வந்து, அடுத்த நோயாளியின் பக்கத்தில் அமர வேண்டும். கோவில் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் அவர்களுக்கு இடமும் மேடையும் கொடுக்க முன்வரட்டும்.