சுழலாத பம்பரம்

தம்பி மகன் ரசாயனப் புஸ்தகத்தை என் மேஜைமேல் விரித்து, "பெரியப்பா, இந்த அம்பெல்லாம் எதற்கு?" என்று கேட்டான். சிறு சிறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு. "வரையச் சொன்னால் வரையேன், காரணம் எதற்கு?" என்று அதட்டினேன். நானும் கல்லூரியில் இரண்டு வருஷம் அவற்றை வரைந்து மார்க்கு வாங்கியவன்தான், ஒருநாளும் கேட்டதில்லை. பையன் போன பிறகு மனசு உறுத்தியது. தேடிப் படித்தேன்.

1925 ஜனவரி. ஜெர்மனியில் டியூபிங்கன் நகரம். அங்கே வந்திருந்த ரால்ப் குரோனிக்குக்கு வயது இருபது. சில அணுக்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், ஒரே கோடு இருக்க வேண்டிய இடத்தில் நெருக்கமாக இரண்டு கோடுகள் தெரியும். கருவைச் சுற்றும் எலெக்ட்ரான், பூமியைப் போலத் தன்னைத்தானேயும் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால்? சுழலும் மின்சாரம் குட்டிக் காந்தமாகும். அந்தக் காந்தம் இரண்டே விதமாக நிற்குமானால் கோடும் இரண்டுதான். வாலிபர் ஆசையோடு வோல்ப்காங் பௌலியிடம் சொன்னார். சாமர்த்தியமான யோசனை, ஆனால் இயற்கை அப்படி இல்லை என்று பௌலி ஒதுக்கிவிட்டார். குரோனிக் ஒரு வரிகூட அச்சில் போடவில்லை.

அதே வருஷம், ஹாலந்தில் லைடன் சர்வகலாசாலையில் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்களுக்கு அதே எண்ணம் உதித்தது. ஆசிரியர் எரன்பெஸ்ட் அதை எழுதி வாங்கிக்கொண்டு, முதியவர் லாரன்ட்ஸையும் கேட்டு வரச் சொன்னார். லாரன்ட்ஸ் கணக்குப் போட்டார்: எலெக்ட்ரான் ஓர் உருண்டையானால், அதன் மேற்புறம் ஒளியைவிட வேகமாகச் சுழல வேண்டும்! நடக்காத காரியம். இருவரும் பதறிப்போய்க் கட்டுரையைத் திருப்பிக் கேட்டார்கள். அதை எப்போதோ அனுப்பியாகிவிட்டது, இந்த வயசில் ஓர் அசட்டுத்தனம் செய்தால் பாதகமில்லை என்று எரன்பெஸ்ட் சொல்லிவிட்டார். நவம்பரில் அது வெளிவந்தது. கணக்கில் மிஞ்சியிருந்த இரண்டு மடங்கு வித்தியாசத்தை 1926-ல் தாமஸ் என்ற ஆங்கிலேயர் தீர்த்துவைத்தார். பௌலியும் ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், லாரன்ட்ஸ் சொன்னதும் தப்பில்லை. எலெக்ட்ரான் பம்பரம்போல் சுழலவே இல்லை. சுழலும் பொருளுக்குரிய ஒரு குணம் பிறவியிலேயே அதற்கு இருக்கிறது, அவ்வளவுதான். காந்தப் புலத்தில் அளந்தால் இரண்டே விடை: கூட்டல் அரை, கழித்தல் அரை. 1922-ல் பிராங்க்பர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் காந்தத்தின் நடுவே செலுத்திய வெள்ளி அணுக்கற்றை இரண்டாகப் பிளந்ததும் இதனால்தான். அன்று அவர்களுக்கே அது தெரியாது. மேல் அம்பும் கீழ் அம்பும் அந்த இரண்டு விடைகளுக்கு நாம் இட்ட அடையாளம். ஒரே பெட்டியில் இருவர் குடியிருந்தால் அம்புகள் எதிரெதிராக இருந்தே தீர வேண்டும். இது பௌலி வகுத்த விதி. அதற்காக 1945-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. லைடன் இளைஞர்களுக்கு வரவில்லை; குரோனிக்குக்கும் இல்லை.

பௌலி மேதை, அவர் அதட்டலிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒரு வாலிபரின் வாய் அடைபட்டது. எரன்பெஸ்டோ அசட்டுத்தனத்துக்கு இடம் கொடுத்தார். விஞ்ஞானம் ஓர் அடி நகர்ந்தது.

பையனை மறுபடி கூப்பிட்டேன். "இப்படி உட்காரடா. என்ன கேட்டாய்?"