தோம்பில் ஏறாத வீடுகள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளோடு பழக்கமுடையோருக்குத் தோம்பு என்னும் சொல் புதிதன்று. போர்த்துக்கீசர் மொழியிலிருந்து வந்து ஒல்லாந்தர் ஆட்சியில் நிலைபெற்ற அச்சொல், இன்ன பெயருடைய காணி இன்னாருக்கு உரியது, அதற்கு இவ்வளவு இறை இறுக்க வேண்டும் என்று அரசாங்கத்தார் எழுதிவைத்த இடாப்பைக் குறித்தது. அக்காணியின் கிணற்றடியில் யார் யார் நீராடினர், வீட்டின் எம்மூலையில் சுவாமியறை இருந்தது என்பனவெல்லாம் கந்தோருக்கு வேண்டியிருக்கவில்லை.

அவ்விடாப்பின் பெயரைத் தம் படைப்பொன்றுக்குச் சூட்டியவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை போதித்துவந்த ஓவியர் தா. சனாதனன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் புதுப்பிக்கப்பட்ட பின்னர், 2004இல் அங்கே ‘அகம்-புறம்’ கண்காட்சி நடந்தபோது, சட்டமிட்ட ஓவியங்களைச் சுவரில் மாட்டுவதை விடுத்து, குடாநாட்டு மக்களிடமிருந்து அவர்தம் வாழ்வோடு ஒட்டிய 500 பொருள்களைப் பெற்று, வரலாறுகளின் வரலாறு என்று பொருள்படும் பெயரில் அவற்றைக் காட்சிக்கு வைத்தவரும் அவரே. அக்காட்சிக்கு அந்நூலகத்தினும் உரிய ஸ்தலம் வேறில்லை என்பது என் துணிபு.

1917இல் நியூயோர்க்கில் மார்சல் டூஷாம் சிறுநீர்க் கோப்பையொன்றைக் கண்காட்சிக்கு அனுப்ப, அது மறுக்கப்பட்ட நாள் தொட்டு, மேனாட்டுக் கலைஞர் பலருக்கு வழக்கு சித்திரசாலையோடுதான். சனாதனனின் வழக்கோ ஆவணத்தோடு. போர்க்காலத்தில், 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து ஜனசமுத்திரம் நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு கடந்ததையும் அறிந்தவர்களுக்கு, எந்தப் பதிவேடு அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளை ஞாபகத்தில் வைத்திருக்கும் என்னும் கேள்வி விளங்கும். முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் பெயரில் 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூலில், வீடிழந்த 80 தமிழ் பேசும் மக்கள், தமிழரும் முஸ்லிம்களுமாக, தத்தம் இல்லத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்த படமும், அதைக் கட்டடக் கலைஞர் முறைப்படுத்திய வரைபடமும், சனாதனனின் வண்ணச் சித்திரமும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. மூன்றிலும் என் நெஞ்சைத் தொடுவது முதலாவதே. வரையப் பழகாத விரல், தான் வாழ்ந்த அறையைத் தேடிச் செல்லும் கோடு அது. ஓவியர் அல்லாதவர் தீட்டிய அக்கோடுகளே அப்படைப்பின் அஸ்திவாரம்.

வீடிழந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருப்பாராயின், ஒரு தாளையும் பென்சிலையும் இன்றே அவர் கையில் கொடுங்கள்.